ஆட்டத்துக்கு முதுகு காட்டியவள்

என் அக்காவுக்குக் கூடைப்பந்து தெரியாது. வளையத்துக்குள் பந்து விழுந்தால் நமக்கு நல்லது, விழாவிட்டால் வேறு யாருக்கோ நல்லது. அவள் அறிந்த விதிமுறை அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் பகுதி மேல்நிலைப் பள்ளியில் ஆட்டங்களை நேரடியாக வர்ணிக்கும் மாணவர்களுக்கு அவள்தான் பயிற்சி கொடுக்கிறாள். இதழியல் படித்தவள் நான். எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. வர்ணனை மேசைக்குக் கீழே உட்கார்ந்து, மைக் ஒயர் யார் காலிலும் சிக்காமல் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு எனக்கு.

எல்லாம் ஒரு சண்டையில் ஆரம்பித்தது. அக்கா துணி திருத்தும் கடை வைத்திருக்கிறாள். பேன்ட் நீளத்தைக் குறைப்பாள், ஜிப் மாற்றுவாள், கல்யாணத்துக்குப் பிறகு பருத்துப்போனவர்களின் சட்டையைப் பிரித்துப் பெரிதாக்குவாள். அவள் மகன் பள்ளி அணியில் இருக்கிறான். ஒரே வருடத்தில் கதவு நிலை இடிக்கும் அளவுக்கு வளர்ந்ததால் எல்லோருக்கும் அவன் ஒட்டகம். அணியில் இருக்கிறான் என்றால் அணியின் பெஞ்சில் இருக்கிறான் என்று அர்த்தம்.

ஆட்டங்களைப் பள்ளியின் இணைய வானொலியில் ஒலிபரப்புவார்கள். அக்கா மெஷினை மிதித்துக்கொண்டே கேட்பாள். கிடங்கில் சரக்கு தூக்கும் வண்டி ஓட்டும் அத்தான், மேலாளர் பார்க்காத பக்கத்துக் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு கேட்பார். அன்று அவர்கள் கேட்டது இதுதான்: "ஐயோ! ஐயோ! போச்சு! இல்ல, இல்ல! செம்ம! ஐயய்யோ!"

மறுநாள் அக்கா கடையைப் பூட்டிவிட்டு விளையாட்டு ஆசிரியரிடம் போனாள்.

"பந்து எங்க இருக்குன்னு ஒரு தடவையாச்சும் சொன்னாங்களா சார்? பக்கத்து வீட்டுல புருஷன் பொண்டாட்டி சண்டையை ஒட்டுக் கேட்ட மாதிரி இருந்துச்சு."

"அப்ப நீங்களே வந்து சொல்லிக் குடுங்கம்மா" என்று அவர் கிண்டலாகச் சொன்னார்.

கிண்டல் அக்காவிடம் செல்லாது. அடுத்த ஆட்டத்துக்கே போய்விட்டாள். வர்ணனை மேசைக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டாள். போட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். ஆட்டத்துக்கு முதுகு. பந்து எங்கே இருக்கிறது என்பது பேச்சிலிருந்து புரியாமல் போனால் அவள் கை மேலே போகும். பிள்ளைகள் உடனே பந்தைக் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். முதல் நாள் அவள் கை கீழே இறங்கவே இல்லை. எதிரணிப் பெற்றோரில் ஒருவர் என்னிடம் குனிந்து, "அந்தம்மாவுக்கு என்ன தண்டனை?" என்று கேட்டார்.

வர்ணனையாளர்கள் இரண்டு பேர். மூச்சு விடாமல் பேசும் பையனுக்கு ரயில் என்று பெயர். ஒரு வாக்கியத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஊருக்குப் போய்த் திரும்பும் பெண்ணுக்குப் புள்ளி. ஆட்டம் இல்லாத நாளில் இருவரும் கடைக்கு வருவார்கள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் அக்கா கேட்பாள்: "வாசல்ல என்ன நடக்குது, சொல்லு."

"ஒருத்தர் வராரு ஆன்ட்டி, கோவமா வராரு, கையில பேன்ட் வச்சிருக்காரு, அந்த பேன்ட்டு..."

"எந்தக் கையில?"

"வலது... இல்ல, இடது."

"எவ்வளவு தூரத்துல?"

"வந்துட்டாரு ஆன்ட்டி" என்றாள் புள்ளி. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் சரியான நேரத்துக்குப் பேசினாள். வந்தவரின் பேன்ட்டில் ஜிப் தலைகீழாகத் தைக்கப்பட்டிருந்தது. அதையும் ரயில் வர்ணிக்கத் தொடங்கினான். அக்கா அவன் வாயில் அளவெடுக்கும் டேப்பைத் திணிப்பதுபோலக் கையை ஓங்கினாள்.

சும்மா இருக்க முடியாமல் நானும் ஒரு நாள் பாடம் எடுத்தேன். "நேயரைக் கட்டிப்போடணும்" என்றேன்.

"எதுக்குடி கட்டணும்?" என்றாள் அக்கா. "உங்க அத்தானை ஏற்கெனவே அந்த வண்டியில கட்டித்தான போட்டிருக்காங்க. கொஞ்சம் அவுத்து விடு."

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு என் பாடக் குறிப்புகளை எடுத்துப் பார்த்தேன். கட்டிப்போடுவது பற்றித்தான் எல்லா இடத்திலும் எழுதியிருந்தேன். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன்.

கடைசி ஆட்டம் வந்தது. ஒட்டகத்துக்கு அது பள்ளியின் கடைசி வருடம். இதுவரை ஒரு நிமிடம்கூட அவனைக் களத்தில் இறக்கவில்லை. இன்று இறக்காவிட்டால் இனி இல்லை. அத்தான் விடுப்பு கேட்டார், கிடைக்கவில்லை.

"இறக்கினா நீங்க திரும்பிப் பாப்பீங்கதான ஆன்ட்டி?" என்று ரயில் கேட்டான்.

"மாட்டேன். அவங்கப்பா உங்க வாயாலதான பாக்கப் போறாரு? நானும் அப்படியே பாத்துக்கறேன். ஒழுங்கா காட்டுங்க."

ரயில் காலை ஆட்டத் தொடங்கினான். மேசைக்கடியில் நான் ஒயரைத் தள்ளிப் பிடித்தேன்.

ஆட்டம் எங்கள் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது, அவசரம் இல்லாமல். முடிவுக்குச் சற்று முன்பு எங்கள் ஆட்டக்காரர் இரண்டு பேர் அதிக ஃபவுல் செய்து அடுத்தடுத்து வெளியேறினார்கள். கோச் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் ஒட்டகம் மட்டும்தான் மிச்சம்.

"பதினான்காம் எண் எழுந்திருக்கிறார்" என்றாள் புள்ளி. "மேல்சட்டையைக் கழற்றுகிறார். தலை சிக்கிக்கொண்டது. இப்போது வந்துவிட்டது."

சுவரைப் பார்த்திருந்த அக்காவின் தோள் குலுங்கியது. சிரிப்பா, வேறு ஏதாவதா, தெரியவில்லை.

ஒட்டகம் ஒரு மூலையில் போய் நின்றான். யாரும் அவனுக்குப் பந்தைக் கொடுக்கவில்லை. ரயில் அக்காவின் முதுகைப் பார்த்தான். பந்தைப் பார்த்தான். மறுபடி முதுகைப் பார்த்தான். பிறகு மைக்கில் பாய்ந்தான்.

"பந்து பதினான்காம் எண்ணிடம்! ஒருவரைத் தாண்டுகிறார்! இன்னொருவரையும் தாண்டிவிட்டார்! வளையத்தை நோக்கிப் பறக்கிறார்!"

நான் ஒயரை இறுகப் பிடித்தேன். நிறுத்து என்று அவன் காலைக் கிள்ளியிருக்கலாம். கிள்ளவில்லை. இன்னும் கொஞ்சம் பறக்கட்டுமே என்றுதான் தோன்றியது. கேட்பவர் விரும்புவதைத் தருவதா, நடந்ததைத் தருவதா என்று இதழியல் தேர்வில் ஒரு கேள்வி வரும். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் எழுதிப் பக்கம் நிரப்பியவள் நான். மேசைக்கடியில் அது உதவவில்லை.

அக்காவின் கை மேலே போனது. ரயில் கவனிக்கவில்லை. ஒருவன் இரண்டு பேரைத் தாண்டி வளையத்தை நோக்கிப் பறந்தால் அரங்கம் அவ்வளவு அமைதியாகவா இருக்கும்? யாரோ பிஸ்கட் பொட்டலம் பிரிக்கும் சத்தம் கேட்டது. நாற்காலி கிறீச்சிட்டது. அக்கா திரும்பிவிட்டாள்.

பந்து அந்தக் கோடியில் இருந்தது. அவள் மகன் இந்தக் கோடியில் குனிந்து காலுறையை மேலே இழுத்துக்கொண்டிருந்தான்.

"டேய்" என்றாள், மைக்கைக் கையால் மூடிக்கொண்டு. "எங்கடா பறக்கறான்?"

"உங்களுக்காகத்தான் ஆன்ட்டி. அங்கிளும் கேட்டுட்டு இருப்பாரேன்னு..."

"அவருக்கு அவர் பையன் வேணும்டா. நீ செஞ்ச பையன் வேண்டாம். சொன்னதை மாத்திச் சொல்லு."

ரயில் வாயைத் திறந்தான். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஒன்றும் வரவில்லை. புள்ளி மைக்கைத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரு திருத்தம். பதினான்காம் எண் யாரையும் தாண்டவில்லை. பந்து அவரிடம் வரவே இல்லை. அவர் காலுறையைச் சரிசெய்துகொண்டிருந்தார். வர்ணனையாளர் மன்னிப்புக் கேட்கிறார்."

"கேட்கிறேன்" என்றான் ரயில், ஈனசுரத்தில்.

திட்டி முடித்த அக்கா மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள். அதற்குள் யாரோ தவறவிட்ட பந்து ஒட்டகத்தின் கைக்கு வந்துவிட்டது. அவன் திகைத்து நிற்கும்போதே எதிரணிப் பையன் ஒருவன் அவன் மேல் மோதினான். விசில். யாரும் குறுக்கே வராமல் வளையத்துக்கு எறிய இரண்டு ஃப்ரீ த்ரோ. அக்கா பாதி திரும்பியபடியே, நாற்காலியின் ஓரத்தில், உட்கார மறந்து நின்றாள்.

ரயில் மெதுவாகப் பேசினான். அவ்வளவு மெதுவாக அவன் பேசி நான் கேட்டதில்லை.

"பதினான்காம் எண் கோட்டில் நிற்கிறார். பந்தை மூன்று முறை தட்டுகிறார். மூன்றாவது முறை காலில் பட்டு ஓடுகிறது. நடுவர் எடுத்துக் கொடுக்கிறார். எறிகிறார். பலகையையும் தாண்டிவிட்டது. எதிலும் படவில்லை... இரண்டாவது. முழங்காலை மடக்குகிறார். எறிகிறார். வளையத்தில் பட்டது. சுற்றுகிறது. சுற்றுகிறது. வெளியே விழுந்துவிட்டது."

அரங்கம் 'ச்சே' என்றது. அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே ரயிலின் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். அது அடியா பாராட்டா என்று அவன் என்னிடம் விசாரித்தான். எனக்கும் தெரியவில்லை.

தோற்றுப்போய் வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தபோது அத்தான் போன் செய்தார். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள்.

"ரெண்டு பேரைத் தாண்டினான்னதும் வண்டியை நிறுத்திட்டேன்டி" என்றார். "வேற யாரோ பையனைச் சொல்றாங்கன்னு நெனச்சேன். அப்புறம் காலுறைன்னாங்க பாரு, அப்பதான் நம்ம ஆளுன்னு நம்பிக்கையே வந்துச்சு."

ஒட்டகம் போனுக்கு மேல் குனிந்தான். "அப்பா, ரெண்டாவது வளையத்துல பட்டுச்சு."

"பட்டுச்சுடா. சுத்துச்சு, சுத்துச்சு. நானும் கூடவே கழுத்தைச் சாச்சுட்டே இருந்தேன். மேலாளர் வந்து, கழுத்து சுளுக்காப்பான்னு கேட்டுட்டுப் போறாரு."