சைவத் தூண்டில்

ஓணம் கழிந்த வியாழக்கிழமை காலையில் சபரீஷ் கனடாவுக்குப் புறப்பட்டான். இரண்டு பெட்டியும், ஒரு பை நிறைய நேந்திரங்காய் உப்பேரியும், அம்மா நீலாம்பாள் வறுத்துத் திரித்த சாம்பார்பொடியும் காரில் ஏறின. பாஸ்போர்ட் எடுத்தாயா என்று அப்பா தாணுலிங்கம் மறுபடியும் கேட்டார். பதில் வருவதற்குள் கார் பாறசாலை ரோட்டில் திரும்பிவிட்டது.

அன்று மதியமே அவன் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. இடுப்பு உயரத்தில் ஒரு குழாய், கூடவே ஒரு பெட்டி. ஏதாவது சர்டிபிகேட்டாக இருக்கும் என்று தாணுலிங்கம் பிரித்தார். குழாய்க்குள் இரண்டு துண்டாக ஒரு தூண்டில் கம்பு. பெட்டிக்குள் சுற்றுகிற ரீல், நூல், வயிற்றடியில் இரட்டைக் கொக்கி வைத்த ரப்பர் தவளைகள்.

மீன் வாடை படியேறாத சைவ வீடு அது. தாணுலிங்கமோ பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். காகிதத்தைக் கையில் வாங்கியதுமே வில்லங்கம் எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுவார். இதிலும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. பையன் ரகசியமாக மீன் பிடிக்கிறான், பிடிக்கிறவன் தின்னாமலா இருப்பான் என்று தீர்ப்பெழுதி முடித்தபோது நீலாம்பாள் பின்னால் வந்து நின்றாள்.

"அது என்னது?"

"எனக்காக்கும்," என்றார் தாணுலிங்கம். பிள்ளையின் மானத்தைக் காப்பாற்ற வேறு வழி தோன்றவில்லை.

நீலாம்பாள் அவரையும் தவளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு, சட்டத்தைத் தெளிவாகச் சொன்னாள். மீன் தொடாதவரைக்கும் அது வெறும் கம்பு, வீட்டுக்குள் இருக்கலாம். ஒரு மீன் தொட்டுவிட்டால் அதற்கப்புறம் படியேறக்கூடாது.

எல்லாவற்றையும் பரணில் போட்டு மறந்துவிடத்தான் அவர் நினைத்தார். ஆனால், அன்று சாயங்காலம் விபின் வந்தான். அடுத்த புரையிடத்தில், ஒற்றையடிப் பாதை மட்டும் உள்ள வீட்டுப் பையன், சபரீஷோடு படித்தவன், நெய்யாற்றின்கரையில் மொபைல் கடையில் வேலை. தலையைச் சொறிந்துகொண்டு, ஒரு பார்சல் வந்ததா என்று கேட்டான். நீலாம்பாள் முந்திக்கொண்டாள்.

"வந்துது மக்கா. மாமாவுக்குத் தூண்டிலு. இந்த வயசில."

"மாமாவுக்கா?" விபினின் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

பெஞ்சாதி பக்கத்தில் நிற்கும்போது தாணுலிங்கம் பின்வாங்க முடியாது. "பின்னே? உனக்கு இதைப்பத்தி ஏதும் அறியணுமா?"

விபின் உள்ளே கிடந்த குழாயை எட்டிப் பார்த்தான். "அறியணும் மாமா," என்றான்.

அந்த ஒரு சொல்லில் தாணுலிங்கம் விழுந்தார். அலுவலகத்தில் இருந்த காலத்தில் ஆட்கள் அவர் மேசைக்கு முன்னால் மடித்துக் கட்டிய வேட்டியை மரியாதையாக இறக்கிவிட்டு நின்று சந்தேகம் கேட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகு அவரிடம் எதையாவது கேட்டவன் காஸ் சிலிண்டர்காரன் மட்டும்தான், அதுவும் ஓடிபி. இப்போது ஒருத்தன் அறியணும் என்கிறான். விடுவாரா?

மறுநாளே போனில் வீடியோக்கள் ஓடத் தொடங்கின. பெட்டியின்மேல் பாஸ் மீனுக்கானது என்று அச்சிட்டிருந்ததால் அவர் பாஸைத் தவிர வேறு எதையும் படிக்கவில்லை. அது அமெரிக்காவில் உள்ள மீன், இந்தப் பக்கத்து ஆற்றிலும் குளத்திலும் கிடையாது என்பது அவருக்கு ஒரு குறையாகத் தோன்றவில்லை. நெய்யாற்றில் இல்லாத ஒரு மீனைப் பற்றி நெய்யாற்றங்கரையில் அவரளவுக்குத் தெரிந்தவர் யாரும் இல்லை என்றாயிற்று. கம்பில் எழுதியிருந்ததை பத்திரத்தில் நான்கெல்லை வாசிப்பதுபோல வாசித்தார்: ஏழடி நீளம், நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலான கனம், நுனி மட்டும் சட்டென்று வளையும். புல்லும் பாசியும் உள்ள இடத்துக்குப் பின்னல் நூல், தெளிந்த தண்ணீருக்கு மீன் கண்ணுக்குத் தெரியாத நூல். கலங்கல் என்றால் கறுத்த தவளை, வெயில் என்றால் பச்சை.

செய்தி பரவி, காரோடு, காட்டாக்கடை ஊர்களிலிருந்து பையன்கள் வந்தார்கள். டாக்டர் நோயாளியைப் பார்ப்பதுபோல அவர்களை உட்காரவைத்து, குளம் என்ன, ஆழம் என்ன என்று விசாரித்து, கம்பும் நூலும் எழுதிக்கொடுத்தார். எங்க ஊரில் வரால்தானே சாரே உண்டு என்று ஒருத்தன் இழுத்தபோது, வரால் என்றால் நம்ம நாட்டுப் பாஸ் ஆக்கும் என்று முடித்துவிட்டார். அவர் தண்ணீர்க்கரையில் நின்றதைப் பார்த்தவர் எவரும் இல்லை. வீசிப் பழகியதெல்லாம் முற்றத்தில். முதல் வீச்சிலேயே தவளை கொடியில் கிடந்த நீலாம்பாளின் சேலையைப் பிடித்துக்கொண்டதால், பழகுவதற்கென்று ஒரு தவளையின் கொக்கிகளைக் குறட்டால் நறுக்கி வைத்திருந்தார்.

விபின் மட்டும் நாள் தவறாமல் வந்தான். ராடுல ஈரம் படாமப் பாத்துக்கிடுங்க மாமா என்பான், எடுத்துத் துடைத்துவைப்பான். இப்படி ஒரு சிஷ்யன் யாருக்குக் கிடைப்பான் என்று தாணுலிங்கம் பூரித்தார். சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு தூண்டிலும் பலகையில் ஏறிச் சந்தனம் பூசிக்கொண்டபோது, விபின் வாசலில் நின்று அதை நோக்கிக் கும்பிட்ட கும்பிடு பார்க்கிறவர்களை உருக்கிவிடும்.

மழை ஓய்ந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அகிலேஷ் என்பவன் கூட்டம் சேர்த்துக்கொண்டு வந்தான். ஆரியங்கோட்டில் ரப்பர் தோட்டத்துக்குப் பின்னால் கைவிட்ட பாறைக்குழி ஒன்றில் வரால் புரளுகிறதாம்.

"சார் வந்து ஒண்ணு வீசிக் காட்டணும். வீடியோ எடுக்கணும்."

தாணுலிங்கம் கணக்குப் பார்த்தார். மீன் விழாவிட்டால் நாளை முதல் ஓடிபி கேட்க மட்டும்தான் ஆள் வரும். விழுந்தால் கம்பு படியேறாது; கம்பில்லாத ஆசானிடம் எவன் வருவான்? யோசித்துவிட்டு, கொக்கி நறுக்கிய தவளையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு விபினோடு போனார்.

வீச்சு அழகாகத்தான் விழுந்தது. தவளை பாசிமேல் தத்தித் தத்தி வர, தண்ணீர் பொளக்கென்று வெடித்து, நூல் இழுபட்டு, விட்டுப்போயிற்று. பையன்கள் வாய் பிளந்தார்கள். மறுபடி ஒரு வெடிப்பு, மறுபடி விட்டது. ஏன் சாரே கரைக்கு எடுக்கவில்லை என்று அகிலேஷ் கேட்டான்.

"பிடிச்சுட்டு விடணும். அதாக்கும் அந்நாட்டு மரியாதை. நான் தண்ணிக்குள்ள வச்சே விட்டிருவேன்."

கரையே மெய்சிலிர்த்தது. அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம். அகிலேஷ் போனைத் திருப்பிப் பிடித்து, முகம் தெரியும்படி இன்னொன்று என்று கேட்டதும் மறுக்க மனம் வரவில்லை. மூன்றாவதாக வந்த வரால் மரியாதை தெரியாதது. தவளையைக் கவ்வியது, விடவே இல்லை. அவர் கம்பை உதறினார். அது உதறலோடு சேர்ந்து கரைக்கே வந்து விழுந்து, சந்தனக்கறை மாறாத கம்பில் வாலால் ஓங்கி அடித்தது. பிள்ளைகள் கைதட்ட, தாணுலிங்கம் மட்டும் சாவு வீட்டில் நிற்பதுபோல நின்றார். அவருக்கு அதைத் தொடவும் வழியில்லை. விபின்தான் குனிந்து மீன் வாயைத் திறந்து தவளையை எடுத்தான். கொக்கியில்லாத வயிற்றைப் பார்த்தான். மற்றவர்கள் பார்க்குமுன் அதை மடியில் சொருகிக்கொண்டான்.

திரும்பி வந்தபோது வீட்டு நடையில் நீலாம்பாள் நின்றிருந்தாள். வீடியோ அவர்களுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது.

"அது வெளியே," என்றாள்.

தாணுலிங்கம் கம்பைப் பிடித்தபடி படிக்கும் ரோட்டுக்கும் நடுவில் நின்றார். விபின் மெதுவாகக் கேட்டான்: "அப்போ நான் கொண்டு வச்சுக்கிடட்டா மாமா?"

தானம் கொடுக்கிறவரின் கம்பீரத்தோடு அவர் அதை நீட்டினார். "கொண்டு போ. எப்படிப் பிடிக்கணும்னு நான் சொல்லித்தாறேன். சந்தேகம் இருந்தா வரணும், கேட்டியா?"

விபின் வந்தான். சந்தேகம் இல்லாத நாளிலும் வந்தான். தாணுலிங்கம் ரப்பர் தவளைகளை மேசைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, கம்பில்லாமலே முன்னைவிட நன்றாக விளக்கினார். பையனின் ரகசியத்தைப் பற்றி மட்டும் கனடாவுக்குப் பேசும்போது ஒரு வார்த்தை விடவில்லை. அடுத்த ஓணமும் வந்து போயிற்று. காரோட்டுப் பையன்கள் இருவருக்கு அவர் நூலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு மத்தியானத்தில் போன் சிணுங்கியது. சபரீஷ் எழுதியிருந்தான்:

"அப்பா, சொல்ல மறந்தே போச்சு. நான் புறப்பட்ட அன்னைக்கு ஒரு பார்சல் வந்திருக்கும், தூண்டிலு. அது விபினுக்கு உள்ளது. அவன் வீட்டுக்குக் கூரியர்காரன் வழி கண்டுபிடிக்க மாட்டான்னு நம்ம விலாசத்துல, என் பேர்ல போட்டது. எனக்குத்தான் மீன் வாடையே ஆகாதே, இங்கேயும் தயிர்சாதம்தான். அவன்கிட்டே கொடுத்திட்டீங்கல்லா? இன்னைக்குக் கேட்டா, மாமா எல்லாம் படிப்பிச்ச பிறகாக்கும் தந்ததுன்னு சிரிக்கான்."