இரண்டு அங்குலத்துக்குக் கீழே

என் அம்மா வெயிலம்மாள் புரட்டாசி மூன்றாம் வெள்ளிக்கிழமை இருங்குச்சோளம் விதைத்தாள். அடுத்த வியாழக்கிழமை மாரடைப்பில் இறந்தாள்.

விதைத்த இடம் எங்கள் நிலம் இல்லை. எட்டயபுரத்துக்கும் நாகலாபுரத்துக்கும் இடையே வெள்ளைக்காரன் காலத்துப் பருத்திப் பண்ணை ஒன்று இருக்கிறது. தீப்பெட்டி ஆலைக்காரர் ஒருவரின் அறக்கட்டளை அதை வாங்கி, முகப்பில் வளைவு கட்டி, ‘மரபுப் பண்ணைப் பூங்கா’ என்று பெயர் எழுதியது. அம்மா அங்கே தன்னார்வலர். சம்பளம் கிடையாது, ஒரு டி-சர்ட் உண்டு. அதை அவள் சோளக்காட்டுப் பொம்மைக்கு மாட்டிவிட்டாள்.

எங்களுடையது ஆடு மேய்த்த குடும்பம். சிறுமியாக இருந்தபோது அந்தப் பண்ணைக்குள் ஆடு நுழைந்ததற்காகக் காவல்காரன் அவளைக் கம்பால் அடித்தான். கெண்டைக்காலில் தழும்பு கடைசிவரை இருந்தது. அறுபத்திரண்டு வயதில், மூட்டுவலியால் ஆடுகளை விற்றபின், அதே வாசலுக்குப் போனாள்.

“அப்ப வெரட்டுனாம்லா? இப்பக் கேட்டைத் தொறந்துவிட்டுக் கும்பிடுதான். அதுக்காவவே போறேன்ட்டி.”

ஞாயிறு காலைகளில் ‘இயற்கை நடை’. மதுரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தொப்பியும் பைனாகுலருமாக வருவார்கள். அம்மா முன்னால் நடந்து செடியையும் பறவையையும் காட்டுவாள். நான் கயத்தாறு பக்கம் காற்றாலைப் பராமரிப்புப் பொறியாளர். விடுமுறை கிடைத்தால் பின்னால் நடப்பேன். ஒருமுறை ஒருவர், “என்னம்மா, பார்க்க ஒண்ணுமே இல்லையே?” என்று அலுத்துக்கொண்டார்.

“இன்னொரு எட்டு வச்சீங்கன்னா கவுதாரி முட்டைய மிதிப்பீங்க சார். கொஞ்சம் குனிஞ்சு பாருங்க.”

அவர் குனியவில்லை. பார்வையாளர் புத்தகத்தில் மட்டும் ‘மண்வாசனை வீசும் பெண்மணி’ என்று எழுதிவிட்டுப் போனார். அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

“குளிச்சிட்டுத்தானட்டி போனேன்” என்றாள்.

கரிசலில் மழைக்கு முன்பே, காய்ந்த மண்ணில் விதைப்பார்கள். இரண்டு அங்குல ஆழம். தூறல் விதையைத் தொடக் கூடாது. நல்ல மழை பெய்து ஈரம் அடிவரை இறங்கினால் மட்டுமே அது முளைக்க வேண்டும். அரைகுறைத் தண்ணீரில் முளைத்தால் அடுத்த நான்கு வெயிலில் கருகிப்போகும். பதினான்கு வருடமாக வீட்டுக் கொல்லையில் விதைத்துப் புதுப்பித்து வைத்திருந்த விதை முழுவதையும் அம்மா அங்கே போட்டுவிட்டாள். வீட்டுக் கலயத்தில் ஒரு மணி மிச்சமில்லை.

பூங்கா மேலாளர் செல்வகணேஷ் போன் செய்தார்.

“ஞாயித்துக்கெழம அம்மாவுக்கு நினைவேந்தல், மேடம். சிறப்பு விருந்தினர் அம்மாவோட பாத்திக்குத் தண்ணி விடுதாவ. சீக்கிரம் பச்சை கட்டிரும். பாக்கவும் நல்லாருக்கும்.”

“தண்ணி விடக் கூடாது அண்ணாச்சி. மழை வரணும்.”

“மழை எப்ப வரும்?”

“தெரியாது.”

“தெரியாததை நிகழ்ச்சி நிரல்ல எப்படிப் போட? எங்க தாத்தாவும் வெவசாயம் பாத்த சம்சாரிதான் மேடம். எனக்குத் தெரியாததா?”

“அவிய இருந்தா ஒங்கள அடிப்பாவ.”

அவர் சிரித்துவிட்டு வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் முன்பே போனேன். வளைவில் பேனர். அம்மா ஒருநாளும் போடாத டி-சர்ட்டைப் படத்தில் போட்டுவிட்டிருந்தார்கள். மோட்டார் அறை திறந்து கிடந்தது. மின்பெட்டியிலிருந்து மூன்று பீஸ் கட்டைகளையும் பிடுங்கி என் கருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினர் பூவனலிங்கம், ஓய்வுபெற்ற அதிகாரி. பத்து நிமிடம் மண்ணைப் பற்றிப் பேசினார், செருப்பில் மண் ஒட்டாத இடமாகப் பார்த்து நின்று. பிறகு ஓஸ் பைப்பை அவர் கையில் கொடுத்தார்கள். இரண்டு சொட்டு வந்தது. கேமராக்காரர் காத்திருந்தார்.

“கரண்டு போச்சோ?” என்று செல்வகணேஷ் கேட்டது மைக்கில் தெளிவாகக் கேட்டது. மோட்டார் அறைக்கு ஓடினார். திரும்பி நேரே என்னிடம் வந்தார்.

“மேடம், நீங்க எஞ்சினியர்தான? கொஞ்சம் பாருங்களேன்.”

போய்ப் பார்த்தேன். “பீஸ் கட்டை இல்லை” என்றேன். பொய் சொல்லவில்லை.

கடைசியில் விருந்தினர் தாம் குடித்து மீந்த பாட்டில் தண்ணீரைப் பாத்தியில் ஊற்றினார். அரை லிட்டர்கூட இராது. காய்ந்து கிடந்த கரிசலில் மேல் மண் மட்டும் நனைந்தது. நான் தடுக்கவில்லை. கைதட்டினார்கள். எல்லோருக்கும் மோர் கொடுத்தார்கள்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி மழை பிடித்தது. எங்கள் காற்றாலை வளாகத்து மழைமானியில் நாற்பத்தொரு மில்லிமீட்டர். ஆறாம் நாள் பூங்காவுக்குப் போய், யாரும் புதிது வாங்கிப் போடாமல் வெறுமையாகவே கிடந்த இடத்தில் பீஸ் கட்டைகளை மாட்டிவிட்டுப் பாத்திக்கு நடந்தேன்.

முளைத்திருந்தது. அம்மா கயிறு பிடித்துக் கோடு கீறித்தான் விதைப்பாள். வரிசைகள் நூல் பிடித்ததுபோல் இருந்தன, கடைசி இரண்டைத் தவிர. அவை வளைந்து, ஓரிடத்தில் விட்டுப்போய், மறுபடி தொடங்கியிருந்தன. இடையில் உட்கார்ந்திருக்கிறாள். வலி அன்றே தொடங்கியிருக்க வேண்டும். அன்று சாயங்காலம் போனில் பேசியபோது என்னிடம் சொல்லவில்லை. நானும் காற்றாலை கியர்பாக்ஸ் பற்றித்தான் பேசினேன்.

செல்வகணேஷ் பின்னால் வந்து நின்றார்.

“சார் ஊத்துன தண்ணி ராசி பாத்தீங்களா, மேடம்?” என்றார். பிறகு, “அந்தக் கடைசி ரெண்டு வரிசை மட்டும் கோணலாக் கெடக்கு. பிடுங்கிட்டு நேரா வச்சிரலாமா? வாரவங்க படம் எடுப்பாவ.”

அதுவரை அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன்.

“ஏலே,” என்றேன். “கை வச்சுப் பாரு.”