கதவடியில் வைத்த செவ்வந்திப்பூ

அக்கா சுன்னாகத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார். நான் கடைக்குட்டி. எங்களுக்குள் பதினொரு வயது வித்தியாசம் இருந்ததால் எனக்கு அவர் பாதி அக்கா, பாதி அம்மா. என்னைத் தூக்கி வளர்த்ததை அவர் சொல்லிக் காட்டாத நாள் இல்லை. "உவளைத் தூக்கித்தான் என்ரை இடுப்புக் கோணினது" என்று பாரிஸ் வைத்தியரிடமே முறையிட்டவர். அதை நானே மொழிபெயர்க்கவும் வேண்டியிருந்தது.

திருமணமானதும் அத்தானுடன் கொழும்பு வெள்ளவத்தையில் குடியேறினார். அங்கேதான் இனக்கலவரத்தின்போது ஒருநாள், தமிழர் வீட்டு இலக்கங்கள் எழுதிய கடதாசியுடன் ஒரு கூட்டம் அவர்களைத் தேடி வந்தது. பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பம் இருவரையும் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது. வீடு எரிந்தது. அக்கா அதைப்பற்றி அதிகம் பேசமாட்டார். அந்தச் சிங்கள அம்மா தந்த தேநீரில் சீனி கூடிவிட்டது என்று மட்டும் எப்போதும் சொல்வார்.

பல வருடங்களுக்குப் பின் நாங்கள் மூவரும் பிரான்ஸ் வந்து சேர்ந்தோம். அத்தானுக்கு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. அக்காவுக்கு ரூ லூயி-பிளாங்க் தெருவில் ஒரு தமிழ்க் கடையில் சமையல் வேலை. ரூ து ஃபொபூர் சேன்-தெனி தெருவில் மூன்றாம் மாடியில் ஓர் அறையும் குசினியும். எதிர்க் கதவு மதாம் எஸ்தேருடையது. தையல் வேலை செய்து தனியே வாழ்ந்த யூதப் பெண்மணி. படியில் கண்டால் "பொன்ஷூர்", அதற்கு மேல் அக்காவிடமும் அத்தானிடமும் பிரெஞ்சு இல்லை, வகுப்புக்குப் போன எனக்குக் கொஞ்சம் வரும்.

இனி எழுதப்போவதை அக்காவே நூறு மேடைகளில் சொல்லியிருக்கிறார். என் பங்கை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுவார். ஆகவே அதை நான் சொல்லவேண்டும்.

நாங்கள் வந்து ஆறு மாதமிருக்கும். குளிர் தொடங்கியிருந்தது. பூக்கடைகளில் மஞ்சள் செவ்வந்தி குவிந்திருப்பதைக் கண்டு அக்காவுக்குப் பெருமகிழ்ச்சி. பிரெஞ்சுக்காரரும் எங்களைப்போலச் சாமிக்கு வைக்கத்தான் வாங்குகிறார்கள் என்று முடிவே செய்துவிட்டார். ஒரு வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் புறப்பட்டு வெளியே போனவர் உடனே திரும்பி வந்தார்.

"முன்வீட்டிலை ஏதோ விசேசம் போல. கதவிலை சுவஸ்திகம் போட்டிருக்கு. ஆனால் கொஞ்சம் சரிஞ்சு கிடக்குது, போட்டவைக்குக் கைப்பழக்கம் காணாது."

பூசைத் தட்டிலிருந்து ஒரு செவ்வந்தியை எடுத்துக்கொண்டுபோய், அந்தக் கதவடியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு வேலைக்குப் போனார். ஹிட்லரைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் நான். ஆனால் சீப்பால் தலை இழுத்துக்கொண்டிருந்தேன், எட்டிப் பார்க்கவில்லை.

சிறிது நேரத்தில் மதாமின் அலறல் கேட்டது. பொலிஸ் வந்தது. கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் மரியா என்ற போர்த்துக்கேயப் பெண்தான் கையாலும் வாயாலும் எனக்கு விளங்கப்படுத்தினார். யாரோ இரவில் வந்து, யூதர் வீடு என்று தெரிந்தே நாஸிகளின் சின்னத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைவிட மதாமை நடுங்கவைத்தது பூ. இந்த நாட்டில் செவ்வந்தி கல்லறைக்கு வைக்கும் பூவாம். கதவில் கொலைகாரரின் சின்னம், காலடியில் கல்லறைப் பூ. அடுத்தது நீதான் என்று யாரோ சொல்லிவிட்டுப் போனதாகவே அவர் எடுத்துக்கொண்டார்.

அக்கா வேலையால் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார். நான் கதவைப் பூட்டினேன்.

"அக்கா, பேசாமல் இருங்கோ. பூவை வைச்சது ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியாது. எங்கடை அகதி விண்ணப்பம் இன்னும் முடியேல்லை. பொலிசிலை பேர் பதிஞ்சால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள்."

அக்காவுக்கும் பயம்தான். பிறகு எழுந்து முகம் கழுவினார்.

"அந்த மனுசி இண்டைக்கு நித்திரை கொள்ளுமே? குறியைப் போட்டவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது. பூவை வைச்சவள் நான். பாதிப் பயத்தையாவது நான் எடுத்துவிடலாம். எழும்பி வா, நீதான் கதைக்க வேணும்."

கையில், எரிந்த வீட்டிலிருந்து மிஞ்சிய தன் கலியாணக் குங்குமச்சிமிழை எடுத்துக்கொண்டார். அதன் மூடியிலும் அதே சின்னம். மதாம் எஸ்தேர் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் கதவைத் திறந்தார். எனக்குத் தெரிந்த உடைந்த பிரெஞ்சில், பூவை வைத்தது இவர்தான், எங்கள் நாட்டில் இது மங்களச் சின்னம், உங்கள் வீட்டில் நல்ல காரியம் என்று நினைத்துவிட்டார் என்று சொன்னேன். அவர் சிமிழைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். தான் சிறுமியாக இருந்தபோது இந்தச் சின்னம் அணிந்தவர்களிடம் கொடுக்கத்தான் பொலிஸ் பட்டியலுடன் வந்து தன் தகப்பனாரைப் பிடித்துக்கொண்டு போனார்கள், அவர் திரும்பி வரவேயில்லை என்றார். மொழிபெயர்த்தேன்.

"எங்களையும் வீட்டு நம்பர் எழுதிக்கொண்டுதான் தேடி வந்தவை எண்டு சொல்லு" என்றார் அக்கா.

அதையும் சொன்னேன். சங்கிலி கழன்றது.

அடுத்த நாள் அக்கா தானாகவே பொலிசிடமும் சொன்னார். எழுதிக்கொண்டார்கள், நான் பயந்ததுபோல ஒன்றும் நடக்கவில்லை. சின்னத்தைப் போட்டவன் கடைசிவரை அகப்படவில்லை. கதவை இருவருமாகத்தான் துடைத்தார்கள். மை போனது மதாம் கொண்டுவந்த போத்தல் மருந்தால். தன் தேசிக்காய்ப் புளியால்தான் போனது என்று அக்கா சாகும்வரை சாதித்தார்.

அதன்பின் அக்கா வடை கொடுத்தனுப்பினார். தட்டு அப்படியே திரும்பி வந்தது. இரண்டு நாள் மனம் நொந்து திரிந்தார். மதாமின் சமயத்தில் இறைச்சிக்கும் பாலுக்கும் தனித்தனிப் பாத்திரம், பிறர் சட்டியில் சமைத்ததை உண்பதில்லை என்று மரியா சொன்னபோதுதான் முகம் மலர்ந்தது.

"அட, எங்கடை மச்சச்சட்டி, சைவச்சட்டி மாதிரித்தானே! இதை முதலே சொல்லக்கூடாதே!"

விரத நாளில் மீன் காய்ச்சிய சட்டியைத் தொடாதவருக்கு அது விளங்க எவ்வளவு நேரம் எடுக்கும்? புதுச் சட்டி ஒன்று வாங்கி மதாமின் குசினியிலேயே வைத்து, அவர் பார்த்துக்கொண்டு நிற்க அங்கேயே பருப்புக் காய்ச்சினார். நான் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, அக்காவைவிட மூத்தவரான மதாமும் அவரை "அக்கா" என்றே அழைத்தார்.

அந்தப் பருப்பில் தொடங்கியதுதான் எங்கள் அயலவர் விருந்து. முதலில் கட்டடத்து முற்றத்தில் ஒரு மேசை. பிறகு வருடாவருடம் கோடையில் வட்டார மண்டபத்தில் யூதர், மாலி நாட்டவர், மொரோக்கர், புதுச்சேரிக்காரர், நாங்கள் என்று இருநூறு பேர். ஒவ்வொரு முறையும் அக்கா எழுந்து பூக் கதையைச் சொல்வார். யூதர்களுக்கு எதிராக எங்கேனும் ஏதும் நடந்ததாகச் செய்தி வந்தால் கோடை வரும்வரை காத்திருக்கமாட்டார். அந்தக் கிழமைக்குள்ளேயே மேசை போடவேண்டும் என்பார்.

எங்கள் ஆட்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒருமுறை கடைக்குச் சாப்பிட வந்த ஒருவர், உலகத்து வியாபாரமெல்லாம் யூதன் கையில் என்று அளந்தார். அக்கா அகப்பையோடு வெளியே வந்தார்.

"அண்ணை, கொழும்பிலை எங்களைப் பற்றியும் உந்தக் கதையைத்தான் சொன்னவை. சொல்லிச் சொல்லித்தான் கொளுத்தினவை. ரோல்சைத் திண்டிட்டு வாயை மூடிக்கொண்டு போங்கோ."

அவர் அடுத்த வருட விருந்துக்குக் கதிரை, மேசை தூக்க வந்தார் என்பதையும் சொல்லிவிடவேண்டும்.

பாரிசில் பிறந்த தன் மகனின் திருமண அழைப்பிதழில் அச்சகத்தார் வழக்கம்போலச் சுவஸ்திகம் போட்டிருந்தார்கள். "சின்னத்திலை பிழையில்லை. ஆனால் கார்ட் மதாமின்ரை வீட்டுக்கும் போகுது" என்று சொல்லிக் குத்துவிளக்கை மாற்றிப் போடுவித்தார். சிமிழ் மட்டும் கடைசிவரை சாமித்தட்டில் இருந்தது.

இறுதி நாட்களை அக்கா சேன்-தெனி வைத்தியசாலையில் கழித்தார். வேதனை அதிகம் இல்லை, குறும்பும் குறையவில்லை. மதாம் எஸ்தேர் அதே சட்டியில் தானே காய்ச்சிய பருப்பைக் கொண்டுவந்தார். அக்கா ஒரு கரண்டி சாப்பிட்டுவிட்டு, "உப்புக் காணாது" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் மதாமுக்கு விளங்கிவிட்டது, இருவரும் சிரித்தார்கள்.

அக்காவின் பிரிவில் எம்மோடு நின்ற அனைவருக்கும், உணவு சமைத்துத் தந்த லா சப்பல் தமிழ்க் கடைக்காரருக்கும், பிரான்சிலும் கடல் கடந்தும் இருந்து துயர் பகிர்ந்த உறவுகளுக்கும், கிரியைகளை நிறைவேற்றிய ஐயாவுக்கும் எங்கள் நெஞ்சம் நிறைந்த நன்றிகள்.

அக்காவின் உடலைப் பார்வைக்கு வைத்திருந்தபோது மதாம் எஸ்தேர் தன் மருமகளின் கையைப் பிடித்தபடி வந்தார். அவர்களிடம் இறந்தவருக்குப் பூ வைக்கும் வழக்கம் இல்லை. கல்லறையில் கூழாங்கல் வைப்பார்கள். ஆனால் அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு மஞ்சள் செவ்வந்தி. அதை அக்காவின் காலடியில் வைத்துவிட்டு என்னிடம் பிரெஞ்சில் சொன்னார்: "நல்லது நினைத்து இவர் எனக்கு வைத்த பூ. அன்று அதைக் குப்பையில் போட்டுவிட்டேன். இன்று திருப்பிக் கொண்டுவந்திருக்கிறேன்."

அந்தப் பூவை யார் வைத்தது என்று அவருக்குத் தெரியவே வேண்டாம் என்று கதவைப் பூட்டியவள் நான். அக்கா, நீங்கள் அன்று என் பேச்சைக் கேட்கவில்லை. அதற்கு நன்றி.