கொட்டாஞ்சேனையில் கிடைத்த பக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நானும் ஃபரீதாவும் வெள்ளவத்தையில் கோட்டைக்குப் போகும் ரயிலில் ஏறினோம். கொட்டாஞ்சேனை இங்கிருந்து பத்துப் பதினொரு கிலோமீற்றர்தான். இந்த வயதுவரை அங்கே ஒரு வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை.

என் வீட்டுக்காரர் பாம்பு விஷத்துக்கு மருந்து ஆராய்ந்து பேரெடுத்த விஞ்ஞானி. அவரிடம் படித்த தெஹிவளைப் பிள்ளை ஃபரீதா, அவர் காலமான பிறகு அவருடைய வாழ்க்கையை எழுதுகிறாள். நான் எழுத்துக்கூட்டி வாசிப்பவள். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன். ஒருநாள் நிறுத்திவிட்டாள்.

"அம்மா, இதில அவர் கோவிக்கவே இல்ல, பிழை விடவே இல்ல. மனிசன் மாதிரி இல்லயே. அவர்ட தங்கச்சிக்கிட்டயும் கேக்கணும். இல்லாட்டி அச்சுக்குக் குடுக்க மாட்டேன்."

தங்கச்சி புஷ்பம், துறைமுகத்தில் வேலை செய்த கத்தோலிக்கரைக் கட்டிக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனவள். அன்றைக்கு இவர் அவளோடு கதைப்பதை விட்டார். சாகும்வரை விட்டதுதான். அவர் போகாத வீட்டுக்கு நானும் போகவில்லை. அவள் இப்போது என்ன சொல்வாளோ, அது அச்சில் வந்தால் அவர் பேர் என்னாகுமோ என்றுதான் என் பயம். அந்தப் பேரோடு தலை நிமிர்ந்து நடந்தவள் நான்.

வழியெல்லாம் கடல் கூடவே வந்தது. கோட்டையில் இறங்கி ஓட்டோ பிடித்தோம். சிங்களத்தில் பேரம் பேசி, ஐந்நூறு நானூறான பிறகுதான் சாரதியும் தமிழர் என்று தெரிந்தது.

"பட்டுச்சேலையோட எங்க, கல்யாண வீட்டுக்கா அம்மா?"

"சண்டை வீட்டுக்கு."

"அப்ப நான் வெளியில நிக்கவா?" என்றார். அதில் என் பயம் கொஞ்சம் இறங்கியது.

பத்தேகாலுக்கு மாதா கோயிலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கையில் இறங்கினோம். ஃபரீதா முதலே போனில் சொல்லி வைத்திருந்தாள்; கதவைத் திறந்தது புஷ்பமேதான். முழுக்க நரைத்துவிட்டாள்.

"வாங்கோ மச்சாள். உங்களுக்கு வெள்ளிக்கிழமை எண்டு நாங்களும் இண்டைக்கு மீன் வைக்கேல்ல. மரக்கறிதான்."

சாப்பிட்ட பிறகு ஃபரீதா அவரைப் பற்றிக் கேட்டாள். புஷ்பம் சிரித்தாள். "பாம்போட கதைச்ச மனிசன், என்னோட கதைக்கேல்ல. அப்பிடியே எழுதும், பிள்ளை."

எனக்கு முகம் சுட்டது. அவள் விடவில்லை.

"ஒருக்கா என்ர வீட்டுக்காரரைத் துறைமுகத்தில பாம்பு கடிச்சிட்டுது. அண்ணர் ஓடி வந்தவர். இவர் கண் முழிக்குமட்டும் கட்டிலடியை விட்டு அசையேல்ல. நான் பக்கத்தில நிக்கிறன். என்னைப் பாக்காமல் நேர்ஸிட்டைச் சொல்லுறார், 'அந்த அம்மாவைச் சாப்பிடச் சொல்லுங்கோ' எண்டு."

எங்கள் வீட்டில் அவர் சொன்னது, ஒரு நோயாளி பிழைத்துவிட்டார் என்று மட்டுந்தான்.

"வைத்தியத்த முன்னுக்குப் போடுறேன், கோபத்த வேற அத்தியாயத்தில..." என்றாள் ஃபரீதா.

"பிரிக்காதையும். உயிரைக் காப்பாத்தினதும் முகத்தைத் திருப்பினதும் ஒரே நேரத்தில. ஒரே பக்கத்தில போடும்." பிறகு என்னைப் பார்த்தாள். "மச்சாளுக்குச் சம்மதமோ?"

நேர்ஸிடம் அப்படிச் சொன்ன குரல் எனக்குக் காதில் கேட்டது. "போடு பிள்ளை. அவர் அப்பிடித்தான்," என்றேன்.

மூன்று மணிக்குக் கிளம்பினோம். எங்கள் மாடி வீட்டில் கடல் தெரியும், காற்று வரும், ஆனால் அவரைத் திட்டவும் அவருக்காக அழவும் உரிமையுள்ள ஆள் என்னைத் தவிர இல்லை. கொட்டாஞ்சேனையில் இன்னொருத்தி இருக்கிறாள். கூட்டிக்கொண்டு போன பிள்ளைக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

வாசல் கேற்றடியில் புஷ்பம் என் கையைப் பிடித்துக்கொண்டு, என்னைப் பாராமல் ஃபரீதாவிடம் சொன்னாள்:

"அந்த அம்மாவை அடிக்கடி வரச் சொல்லும்."

"வாறாவாம் எண்டு சொல்லு, பிள்ளை," என்றேன் நான்.