கடைசி ஆளின் காலைத் தட்டிய விரல்

இது நடந்தது. நம்பச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. பேய்க் கதை சொல்கிறவர்களை ஓட ஓட விரட்டிக் கிண்டல் செய்தவள் நான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை விடியற்காலையில் என் இடது குதிகாலில் பட்டது எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

சிறுவர் நீச்சல் கிளப் ஒன்றில் பயிற்சியாளராகச் சேர்ந்து அப்போது மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. அங்கே ஒவ்வொரு நிலைக்கும் ஒரு தொப்பி. வெள்ளைத் தொப்பி என்றால் தண்ணீரைக் குடிக்காமல் மிதக்கப் பழகுகிறவர்கள். மஞ்சள், நாலு வகை நீச்சலும் கற்றுக்கொள்கிறவர்கள். நீலம், தம் பிடித்து நீண்ட தூரம் போகிறவர்கள். சிவப்புத் தொப்பி கிடைத்தால்தான் போட்டிக்குப் போகலாம். நீலத்திலிருந்து சிவப்புக்குப் போக நானூறு மீட்டரை ஆறரை நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். பதிமூன்று வயதுக்குள் முடிக்காதவர்கள் பொழுதுபோக்குப் பிரிவுக்குப் போய்விட வேண்டியதுதான்.

என்னிடம் இருந்த நீலத் தொப்பிகளில் ஒருத்தியைக் குருவி என்று கூப்பிடுவோம். ஒல்லிக்குச்சி. வாய் மட்டும் ஊருக்குப் பெரிது. இரண்டு முறை தேர்வில் தவறியிருந்தாள். அடுத்த வாரம் அவளுக்குப் பதிமூன்று வயது. அவள் சிவப்புக்குப் போக வேண்டும் என்று அவளைவிட நான்தான் அதிகம் தவித்தேன்.

சனிக்கிழமை அவளுக்கு மூன்றாவது தேர்வு. ஆறாவது பாதையில் ஐந்து பேர், பத்து நொடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக. பாதையின் வலப்பக்கம் போய் இடப்பக்கமாகத் திரும்பி வர வேண்டும். பின்னால் வருகிறவள் வேகமானவளாக இருந்தால் முன்னால் போகிறவளின் காலை ஒருமுறை தட்டுவாள். தட்டு வாங்கியவள் அடுத்த சுவரில் மூலையோடு ஒட்டி நின்று வழி விட வேண்டும். வாய் திறக்க முடியாத இடத்தில் அதுதான் பேச்சு.

அந்தப் பாதையில் கடைசியாக இறங்க மட்டும் பிள்ளைகள் எப்போதும் சண்டை போடுவார்கள். "நான் மாட்டேன், நீ போ" என்று ஒரே தள்ளுமுள்ளு. சோம்பல் என்று நினைத்தேன். அன்றைக்குக் குருவியைக் கடைசியில் விட்டேன்.

நன்றாகத்தான் போனாள். பாதியில் சுவரில் நின்றாள். மூலைக்கு ஒதுங்கினாள். தன்னைத் தாண்டி யாரும் போகாததைப் பார்த்துவிட்டு, நின்ற வேகத்திலேயே கிளம்பினாள். மறுபடி நின்றாள். இப்படி நாலு தடவை. ஆறு நிமிடம் நாற்பத்தொரு நொடி ஆகிவிட்டது.

"ஏன்டி நின்ன?"

"கால்ல தட்டினாங்கக்கா. வழி விட்டேன்."

"கடைசி ஆளே நீதான். உனக்குப் பின்னாடி யாரு?"

திரும்பிப் பார்த்தாள். மற்ற பிள்ளைகள் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது... இப்படி ஒரு விஷயம் கிடைத்தால் வருஷம் பூராவும் ஓட்டுகிற கூட்டம் அது.

அவளுக்கு இன்னொரு வாய்ப்பு கேட்டுத் தலைமைப் பயிற்சியாளரிடம் போய்க் கெஞ்சினேன். நாங்கள் அவரைப் பெரிய சார் என்போம். சிரித்து யாரும் பார்த்ததில்லை. "திங்கட்கிழமை காலையில நீயே வச்சுப் பாரும்மா. வெளிச்சம் வராம நான் வரமாட்டேன்" என்றார். விடியுமுன் அவர் குளத்துப் பக்கமே வருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

திங்கட்கிழமை ஐந்து மணிக்கு நானும் குருவியும் மட்டும். ஆறாவது பாதைக்கு மேலே ஒரு வரிசை விளக்குதான் எரிந்தது. மீதிக் குளம் இருட்டு.

"நானும் உன் பின்னாடியே வர்றேன். யார் தட்டினாலும் அது நான்தான். நிக்காம போ. புரியுதா?"

"சரிக்கா."

நேரக் கடிகாரத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டேன். அவள் கிளம்பினாள். பத்து நொடி கழித்து நானும் கிளம்பினேன்.

இரண்டு நீளம். நாலு நீளம். ஒன்றுமில்லை. எல்லாம் அவள் மனப்பிரமை என்று நினைத்தபடி ஆறாவது நீளத்தில் வந்துகொண்டிருந்தேன்.

அப்போது... என் இடது குதிகாலில் ஒரு தட்டு.

ஒரே ஒரு தட்டு. மெதுவாக. மரியாதையாக.

சின்ன விரல்.

எனக்குப் பின்னால் யாரும் இறங்கவில்லை. உடம்பெல்லாம் விறைத்துப்போனது. ஆனாலும் பழக்கம் விடுமா? சுவர் வந்ததும் மூலையில் ஒட்டி நின்றேன்.

என் தோளை உரசிக்கொண்டு தண்ணீர் திரும்பியது. சளக்... முகத்தில் தெறித்தது.

ஆள் இல்லை. நுரை மட்டும் போனது.

குருவியை நோக்கி.

கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. எதிர்ச் சுவரில் குருவி நின்றாள். மூலைக்கு ஒதுங்கினாள். இந்த முறை அவசரப்படவில்லை. நின்று, முழுசாக வழி விட்டாள்.

பிறகு கிளம்பினாள்.

நுரை முன்னால். குருவி பின்னால்.

அப்படி ஒரு வேகம் அவளிடம் நான் பார்த்ததே இல்லை. அந்த நுரையை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் என் பக்கத்தில் இரண்டு முறை தண்ணீர் தெறித்தது. நான் மூலையில் சுருண்டு நின்றேன். என்னையும் அறியாமல் அழுதுகொண்டிருந்தேன். பயத்தில் மட்டும் இல்லை. அந்தத் தட்டில் அவ்வளவு ஏக்கம் இருந்தது.

குருவி சுவரைத் தொட்டாள். ஆறு நிமிடம் இருபத்தாறு நொடி.

"பாஸா அக்கா? நிக்காதன்னு சொன்னீங்க, நான்தான் மறந்துபோய் வழி விட்டுட்டேன். ஆனா நீங்க முன்னாடி போனதாலதான் என்னால வர முடிஞ்சுது." மூச்சு வாங்கினாள். "நீங்க ஏன்க்கா நீலத் தொப்பி போட்டிருந்தீங்க?"

நான் தொப்பியே போடவில்லை.

வெளிச்சம் வந்ததும் பெரிய சார் வந்தார். குருவி உடை மாற்றப் போயிருந்தாள். நடந்ததை உளறிக் கொட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"நீ வழி விட்டியா?"

"விட்டேன் சார்."

"அன்னைக்கு யாரும் விடல."

ஆறாவது பாதையைப் பார்த்தார். பிறகு சொன்னார். "பன்னெண்டு வருஷம் ஆச்சு. என் பொண்ணு. இதே பாதையில கடைசி ஆள். முன்னாடி போனவ கால எத்தனையோ தடவ தட்டினா. அவ விடல. இவளுக்கு ரெண்டு நொடி கூடிப்போச்சு. என் பொண்ணாச்சேன்னு விட்டுக் கொடுத்தா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க. நாளைக்கு வான்னு சொல்லிட்டேன். மறுநாள் இருட்டுலயே எனக்கு முன்னாடி வந்து, தனியா இறங்கிட்டா."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நான் வரும்போது தண்ணி அசையாம இருந்துச்சு."

அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஜில்லென்று இருந்தது.

"எவ்வளவு நேரத்துல முடிச்சா?" என்று கேட்டார்.

"ஆறு இருபத்தாறு சார். குருவி பாஸ்."

"குருவியப் பத்தி நான் கேக்கலம்மா."

எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது.

"குருவிக்கு முன்னாடியே சுவரைத் தொட்டா சார்" என்றேன்.

அவர் எழுந்து ஆறாவது பாதையின் ஓரத்துக்குப் போனார். குனிந்து நின்றார். பெற்ற மகளைத் தூக்கத்திலிருந்து எழுப்புகிற குரலில் சொன்னார்.

"பாஸ்டா கண்ணு. போதும்... ஏறி வா."

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்கத் தெம்பில்லை. உடை மாற்றிக்கொண்டு வந்த குருவியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன். கதவைத் திறக்கும்போது பின்னால் இரும்பு ஏணி கிறீச்சிட்டது. ஒரு படி... இன்னொரு படி... தண்ணீர் சொட்டும் சத்தம்.

பெரிய சார் தண்ணீரில் இறங்கவே இல்லை.