ஹெப்பகோடியிலிருந்து ஹெப்பாலுக்கு ஒன்பது டப்பி எச்சம்

பறவை எச்சத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பெங்களூரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போக வேண்டியவர்கள் அதிகம் பேர் இருக்கமாட்டார்கள். ஆனாலும் புறா வளர்க்கிறவர்கள், மாடியில் நாட்டுக்கோழி வைத்திருக்கிறவர்கள் என்று சிலருக்காவது அந்தப் பயணம் ஒருநாள் வாய்க்கும். அவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன். நான் போனது பிப்ரவரி கடைசி வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. ஜோகுபாளையம் மாலை வகுப்பில் சேர்ந்து நான் எழுதப் படிக்கக் கற்று ஒன்றரை வருடம்தான் ஆகிறது. போனில் ஒரு விரலால் தட்டித் தட்டி இதை முடிக்கப் பதினொரு நாள் பிடித்தது. பயணத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம்தான்.

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தெட்டு வருடம் செக்யூரிட்டியாக நின்று ஓய்வு பெற்ற பிறகு, ஹெப்பகோடிக்கு மூன்று கிலோமீட்டர் தள்ளியுள்ள ஒரு பறவைக் காப்பகத்தில் தீவனம் வைக்கும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே ஒன்பது நீலப் பறவைகள் இருந்தன. நீலகிரிச் சோலைகளில் மட்டுமே வாழும் இனம். உள்ளங்கையில் அடங்கும், குச்சிக் கால்கள், தரையில் சருகைப் புரட்டிக்கொண்டே தத்தித் தத்திப் போகும். உலகத்தில் மிச்சமிருப்பதே குறைவு. யாரோ ஒருவர் வீட்டில் கூண்டில் வைத்திருந்தவற்றை வனத்துறையினர் மீட்டு எங்களிடம் கொடுத்தார்கள்.

இந்த ஒன்பதையும் மழைக்கு முன், மார்ச் கடைசியில், மலைக்குத் திருப்பி அனுப்ப வண்டி ஏற்பாடாகியிருந்தது. தடையாக நின்றது ஒரு புழு. தலைமுடி போல மெல்லியது, குடலில் இருக்கும். மூன்று மாதத்தில் இரண்டு முறை மருந்து கொடுத்தும் எச்சத்தில் அதன் முட்டை வந்துகொண்டே இருந்தது. முட்டையோடு அனுப்பினால் மலையில் இருக்கிற மற்ற பறவைகளுக்கும் தொற்றும். வண்டியைத் தவறவிட்டால் இன்னும் ஏழெட்டு மாதம் கூண்டுதான். கூண்டில் அவ்வளவு நாள் இந்த இனம் தாங்குமா என்று எங்கள் டாக்டர் மேடத்துக்கே சந்தேகம்.

அதுவரை ஒன்பதின் எச்சத்தையும் ஒரே டப்பியில் கலந்து ஹெப்பாலில் உள்ள பரிசோதனைக்கூடத்துக்குக் கூரியரில் அனுப்பினோம். இந்த முறை தனித்தனியாகவும் புதிதாகவும் வேண்டும், கையோடு கொண்டுபோக வேண்டும் என்றார் மேடம். டப்பிகளின் மேல் பறவையின் எண்ணையும் நேரத்தையும் எழுதும் பொறுப்பும் எனக்கே வந்தது. மேடம் எழுதினால் மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் புரியும். நான் எழுதினால் எதிர் சீட்டில் இருப்பவரே படிக்கலாம்.

முந்தைய இரவே காப்பகத்தில் தங்கிவிட்டேன். ஒவ்வொரு கூண்டிலும் கிளைக்குக் கீழே கழுவிய வாழை இலைத் துண்டு விரித்தேன். காகிதம் ஈரத்தை உறிஞ்சிவிடும், இலையில் அப்படியே நிற்கும். காலை ஆறு பத்துக்குள் ஒன்பது டப்பியும் நிறைந்தன. பிறகு வழக்கம்போல என் சட்டைப்பையிலிருந்த மண்புழுக்களை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னால் பழைய மீன் பெட்டியில் நானே வளர்ப்பவை. நாலாம் எண் பறவை ஓடிவந்து என் விரலிலிருந்தே இழுத்தது. ஏழாம் எண் மகா பயந்தாங்கொள்ளி, எட்டிக்கூடப் பார்க்காது. மற்றவை நடுத்தரம்.

ஆறு நாற்பதுக்கு ஆட்டோ. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னா பெரியவரே, டிபனா?" என்று கேட்டார் டிரைவர்.

"டிபன் முடிஞ்சி வெளிய வந்தது."

அவர் கண்ணாடியில் என்னை இரண்டு முறை பார்த்தார். விவரம் சொன்னதும் சிரித்த சிரிப்பில் ஒரு பள்ளத்தைக் கவனிக்கவில்லை. டப்பிகள் உருண்டன, மூடிகள் தாங்கின. மீட்டர் ஐம்பத்து நான்கு காட்டியது, அறுபது கொடுத்தேன்.

ஹெப்பகோடி மெட்ரோ நிலையத்தில் பெட்டியை இயந்திரத்துக்குள் அனுப்பியதும் நிறுத்திவிட்டார்கள். "ஏனு அஜ்ஜா, பாக்ஸல்லி ஏனிதெ?" என்று பெட்டியில் என்ன இருக்கிறது எனக் கன்னடத்தில் கேட்டார் காவலர்.

"ஹக்கி ஹிக்கெ" என்றேன். பறவை எச்சத்துக்குக் கன்னடத்தில் அதுதான் பெயர். அவர் முகம் போன போக்கைப் பார்த்துப் பக்கத்தில் நின்ற காவலர் பெண் தமிழில் கேட்டார்: "நெஜமாவா தாத்தா? இத்த எங்க எடுத்துனு போறீங்க?"

"ஆஸ்பத்திரிக்குமா. நானும் இருபத்தெட்டு வருஷம் கேட்ல நின்னவன். தெறந்து பாத்துட்டு விடு, பாக்காம விடாதே."

அவர் திறந்தார், பார்த்தார், வேகமாக மூடினார். டாக்டர் மேடத்தின் கடிதத்தைக் காட்டினேன். முத்திரையைப் பார்த்ததும் விட்டுவிட்டார்கள். மெஜஸ்டிக் வரை எண்பது ரூபாய், ஆர்.வி. ரோட்டில் வண்டி மாற வேண்டும். ஏழு ஐந்துக்கு ஏறி எட்டு ஐந்துக்கு இறங்கினேன். நிலையப் பெயர்களைத் தமிழில் எழுதமாட்டார்கள். ஆனால் கன்னட எழுத்துகளில் சில, நம் எழுத்தின் பெரியப்பா பிள்ளைகள் போல இருக்கின்றன. வழியெல்லாம் உறவு தேடிக்கொண்டு வந்தேன்.

மெஜஸ்டிக்கிலிருந்து ஹெப்பால் பஸ், இருபத்து நான்கு ரூபாய், முக்கால் மணி நேரம். உட்கார இடம் இல்லை. ஜன்னலோரம் இருந்த ஒரு அம்மா, "பெட்டிய குடுங்க, மடியில வச்சிக்கறேன்" என்றார். உள்ளே இருப்பதைச் சொல்லாமல் கொடுப்பது பாவம் என்று சொல்லிவிட்டேன்.

"அதுக்கென்னா, மூணு பேரப்புள்ளைங்கள வளத்திருக்கேன். மூடிதானே இருக்கு? குடுங்க" என்று வாங்கி, ஹெப்பால் வரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

பரிசோதனைக்கூடம் ஒன்பதரைக்குத் திறந்தது. உள்ளே எட்வின் என்கிற இளைஞர், கோலார் தங்கவயல்காரர். "எங்க தாத்தா பூமிக்குள்ள தங்கம் தேடினார். நான் பீக்குள்ள முட்டை தேடறேன். படிச்சவன் பொழப்ப பாருங்க ஐயா" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கினார்.

வேலை எளிமையாகத்தான் தெரிந்தது. உப்பை இதற்கு மேல் கரையாது என்கிற அளவுக்குக் கரைத்த தண்ணீரில் எச்சத்தைக் கலக்கி வடிகட்டிக் குழாயில் நிரப்புகிறார். மேலே ஒரு சின்னக் கண்ணாடிச் சில்லை மூடி இருபது நிமிடம் விடுகிறார். முட்டை இருந்தால் மிதந்து வந்து சில்லில் ஒட்டிக்கொள்ளும். அதை நுண்ணோக்கியில் வைத்து என்னையும் பார்க்கச் சொன்னார். எலுமிச்சம்பழத்துக்கு இரண்டு முனையிலும் மூடி போட்டது போல ஒன்று. அழகாக இருந்தது. அழகாக இருந்ததில்தான் எனக்குக் கோபம்.

பன்னிரண்டு மணிக்கு எல்லாம் எண்ணி முடித்தார். பெரும்பாலானவற்றில் பத்து, பன்னிரண்டு. நாலாம் எண்ணில் நாற்பத்தொன்று. ஏழாம் எண்ணில் ஒன்றுமே இல்லை.

"ஒரே மருந்து, ஒரே தீவனம். நாலுக்கு மட்டும் தனியா எதாச்சும் குடுக்கறீங்களா ஐயா? இந்த மாதிரி குடல்புழுல சிலதோட குஞ்சுப்புழு மண்புழு ஒடம்புலதான் வளரும். மண்புழுவ தின்னா பறவைக்கு வந்துடும்."

என் கை தானாகச் சட்டைப்பையின் மேல் போனது. உள்ளே காலையில் மிஞ்சிய இரண்டு புழுக்கள் ஈரத்துணியில் நெளிந்துகொண்டிருந்தன. நான் சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியாது. ஆனால் நான் எழுதிய ஒன்பது எண்களும் வரிசையாக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. வராந்தாவுக்கு வந்து மேடத்துக்குப் போன் செய்தேன். தினமும் இரண்டு மூன்று மண்புழு, ஆசையாகக் கொடுத்தேன், தப்பு என்னுடையது என்றேன்.

மேடம் சொன்னார்:

"ஐயா, மூணு மாசமா தீவனம், தண்ணி, மண்ணு எல்லாம் டெஸ்ட் பண்ணேன். உங்க பாக்கெட்ட மட்டும் டெஸ்ட் பண்ணல."

"வேலைய விட்டு நின்னுடட்டுமா மேடம்?"

"நின்னுட்டா கூண்டு மண்ண யார் அள்றது? சீக்கிரம் வாங்க."

அன்று மாலையே அள்ள ஆரம்பித்தோம். ஒன்பது கூண்டிலும் அரை அடி ஆழத்துக்குப் பழைய மண்ணை எடுத்துவிட்டுப் புதிய மணல் போட்டோம். மீண்டும் மருந்து. நாலாம் எண் தினமும் காலையில் ஓடிவந்து என் பையைப் பார்க்கும். நான் வெறும் கையை விரித்துக் காட்டுவேன். அந்த இருபது நாளும் அதுதான் கஷ்டமாக இருந்தது.

இருபத்தோராம் நாள் புதிதாக ஒன்பது டப்பிகளோடு மறுபடியும் ஆட்டோ, அதே மெட்ரோ, அதே பஸ். காவலர் பெண் என்னைத் தூரத்திலேயே அடையாளம் கண்டு, "தாத்தா, இன்னுமா சரியாகல?" என்றார். எட்வின் இந்த முறை பேசாமல் ஒவ்வொரு சில்லையும் இரண்டு முறை பார்த்தார். பிறகு சீட்டை நீட்டினார். அதில் இருந்த ஆங்கிலம் எனக்குத் தெரியாது. தெரிந்தது ஒன்பது வரிசை, ஒன்பது பூஜ்யம். அறுபத்தெட்டு வயதில் ஒன்பது பூஜ்யம் வாங்கி இவ்வளவு மகிழ்ந்த மாணவன் எங்கள் வகுப்பில் வேறு யாரும் இல்லை.

போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எச்சம் அன்று காலையில் விழுந்ததாக இருக்க வேண்டும். ஐஸ் நேராக டப்பியில் படக்கூடாது, நடுவில் நான்கு மடிப்புச் செய்தித்தாள் வையுங்கள், உறைந்தால் கெட்டுவிடும். முத்திரையிட்ட கடிதம் இல்லாமல் மெட்ரோவுக்குப் போகாதீர்கள். ஒன்பதரைக்கு முன் போய் நின்றால் வெளியே கல் பெஞ்சுதான், ஆனால் எதிரே இட்லி நன்றாக இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம்: ஆசைக்குத் தனியாக ஊட்டுவது ஏதாவது இருந்தால் டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் மண்புழுக்கள் இப்போது கறிவேப்பிலைச் செடிக்கு மட்டுமே வேலை செய்கின்றன.

மார்ச் கடைசி வெள்ளிக்கிழமை, காலை ஐந்தரைக்கு மலைக்கு வண்டி கிளம்பியது. ஒன்பது பெட்டிகளிலும் எண் எழுதியது நான்தான். நாலாம் பெட்டியின் காற்றுத் துளை வழியாக ஒரு கண் என் சட்டைப்பையையே பார்த்தது. பையில் ஒன்பது பூஜ்யம் போட்ட அந்தச் சீட்டு இருந்தது. எடுத்து விரித்துக் காட்டினேன்.