அண்ணன் கார்டில் போட்ட ஊசி

அறுபத்தைந்தோ அறுபத்தாறோ, பம்பாயில் மழை பிடித்துக்கொண்ட ஜூலை மாதம். தாராவியில் ஒரே கோலியில் நாங்களும் என் கணவரின் அண்ணன் குடும்பமுமாக எட்டுப் பேர் இருந்தோம். பத்துக்குப் பத்து அறையைத்தான் அங்கே கோலி என்போம். அண்ணனுக்கு மில்லில் நிரந்தர வேலை. என் கணவருக்குத் தோல் பதனிடும் இடத்தில் தினக்கூலி. மில் வேலையோடு அண்ணனுக்கு ஒரு கார்டும் கிடைத்திருந்தது. அதைக் காட்டினால் மாதுங்காவில் ஒரு டாக்டர் காசு வாங்காமல் பார்ப்பார்.

அந்தக் கார்டு அண்ணனுக்கு மட்டும்தான் என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எங்கள் வரிசை வீடுகளில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ரேஷன் கார்டு மாதிரி இதுவும் வீட்டுக்கு ஒன்று என்பதுதான் எங்கள் நியாயம். அதில் போட்டோ கிடையாது. பெயர், வயது, நம்பர் மட்டும் இருக்கும். அண்ணன் தம்பி, மச்சான், ஊர்க்காரன் என்று யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் கார்டுக்காரர் பெயரில் போய் மருந்து வாங்கி வந்துவிடுவார்கள்.

தோல் சுரண்டும் கத்தி என் கணவரின் உள்ளங்கையைக் கிழித்து, சீழ் வைத்து, முழங்கை வரை வீங்கிவிட்டது. அண்ணன்தான் கார்டை எடுத்துக் கொடுத்தார். "எம் பேரச் சொல்லிக் கூப்பிட்டா முழிச்சிக்கிட்டு நிக்காதடே, எந்திரிச்சுப் போ" என்று தம்பிக்குச் சொல்லி அனுப்பினார். வழியெல்லாம் அந்தப் பெயரைச் சொல்லிச் சொல்லி நான் அவரைப் பழக்கினேன். மூத்தவர் பெயரை வாயால் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், அன்று பத்து தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

டாக்டர் மராட்டிக்காரர். கம்பவுண்டர் மாதுங்காவிலேயே பிறந்து வளர்ந்த தமிழர். டாக்டர் கையைப் பார்த்தார், அந்தக் கார்டின் பழைய சீட்டையும் எடுத்துப் பார்த்தார். அந்த வருஷம்தான் அண்ணன் முதுகில் வந்த கட்டிக்கு நாலு பென்சிலின் ஊசி போட்டிருந்தார். தினமும் நூறு பேரைப் பார்க்கிறவருக்கு முகம் நினைவில் இல்லை. ஒத்துக்கொண்ட ஊசிதானே என்று டாக்டர் அதையே எழுதிவிட்டார். எங்களுக்கு முன்னால் போனவரிடம், இதற்கு முன் இந்த ஊசி போட்டு ஏதாவது தொந்தரவு வந்ததா என்று கேட்டார்கள். எங்களிடம் கேட்கவில்லை. எங்களுக்குப் பதில் அந்தச் சீட்டே சொல்லிவிட்டது.

ஊசி போட்டுக்கொண்டு வெளியே வந்தோம். குடையை விரிப்பதற்குள் உள்ளங்கால் அரிக்கிறது என்று செருப்பைக் கழற்றிப் படியில் தேய்த்தார். அடுத்தாற்போல் கழுத்தைச் சொறிந்தார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது, கண் இமைகள் உப்பின. "ஏட்டி, தொண்டைய அடைக்கு" என்றார். அதற்கு மேல் பேச்சு வரவில்லை. அப்படியே படியில் சரிந்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் வரிசையில் இருந்த இரண்டு பேர் அவரைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள்.

ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் தொண்டையில் விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. டாக்டர் நாடியைப் பிடித்துக்கொண்டே இந்தியில் என்னவோ கேட்டார். கம்பவுண்டர் எனக்குத் தமிழில் சொன்னார்: "ஊசியால இருக்காதுங்கறார். நாலு தடவை போட்டு ஒண்ணும் ஆகலையே. என்ன சாப்ட்டார்? மீனா, எறாவா? பூச்சி ஏதாவது கடிச்சுதா?"

எனக்கு அந்த நிமிஷமே தெரியும். நாலு ஊசி போட்டுக்கொண்டது வேறு உடம்பு. ஆனால் சொன்னால் மில்லுக்குத் தகவல் போகும், அண்ணன் வேலை போகும், எட்டு வயிறும் அந்தச் சம்பளத்தை நம்பி இருக்கிறது. என் வாயில் வந்தது இதுதான்: "காலைல டீ மட்டுந்தான் குடிச்சாக." வேறு ஏதாவது என்று மறுபடி கேட்டார். "தெரியலியே" என்றேன். என் காதுக்கே அது வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது. என் கணவர் என் சேலைத் தலைப்பைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகம் நீலம் பாரித்தது. பிடித்திருந்த விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.

கை நழுவியதும் கத்திவிட்டேன். "ஐயா, இது இவுக கார்டு இல்ல. இவுக அண்ணன் கார்டு. அந்த ஊசியெல்லாம் அவுக போட்டது."

கம்பவுண்டர் சொல்லி முடிக்கும் முன்பே டாக்டர் வேறு மருந்தை ஊசியில் ஏற்றிவிட்டார். அதைத் தோளில் குத்திக்கொண்டே, முன்பு எப்போதாவது இப்படித் தடித்ததா என்று கேட்கச் சொன்னார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு தடவை காய்ச்சலில் உடம்பெல்லாம் தடித்திருந்தது. அன்று நண்டு சாப்பிட்டதால் என்று நினைத்து, வீட்டில் நண்டு வாங்குவதையே விட்டுவிட்டோம். அன்று ஊசி ஏதாவது போட்டார்களா என்று டாக்டர் கேட்டார். போட்டிருந்தார்கள். நண்டின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஊசியை நாங்கள் யோசிக்கவே இல்லை.

அந்த மருந்து வேலை செய்வதற்குள் நான் செத்துப் பிழைத்தேன். விசில் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அவர் கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு டாக்ஸியில் அனுப்பும் முன், டாக்டர் முதல் தடவையாக அவருடைய சொந்தப் பெயரைக் கேட்டு, இந்த ஆளுக்குப் பென்சிலின் ஆகாது என்று சிவப்பு மையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். கார்டைக் கம்பவுண்டர்தான் திருப்பித் தந்தார். "இதை இனிமே இவருக்குன்னு கொண்டுவராதீங்கோ" என்றார். மில்லுக்கு எந்தத் தகவலும் போகவில்லை.

என் கணவர் அதற்குப் பிறகு நாற்பது வருஷம் இருந்தார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், "இவ உடனே உண்மையச் சொன்னதாலதான் நான் பொழச்சேன்" என்று பெருமையாகச் சொல்வார். பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருப்பேன். உடனே சொல்லவில்லை என்று ஒருநாளும் அவரிடம் சொன்னதில்லை. அவருக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தபோது சொல்லலாமா வேண்டாமா என்று நான் யோசித்தேன். அவர் போய் இத்தனை வருஷத்துக்குப் பிறகும், அப்படி யோசிக்க என்னால் முடிந்ததே என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.